புலி போட்ட ரூபாய்

மூக்குத்திதான் கடைசியாக வந்தது. நாற்பத்தொரு வருஷமாகக் கழற்றாத திருகு, அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்குமா? உடை மாற்றும் அறையிலிருந்த பெண் சோப்பு நுரை போட்டுத் திருகித் திருகி ஒருவழியாகக் கழற்றி எடுத்துவந்து, நாச்சிமுத்து விரித்துப் பிடித்திருந்த கைக்குட்டையில் போட்டபோது அதில் இன்னும் நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. தாலிக்கொடி, வளையல் இரண்டு, தோடு ஒரு ஜோடி, மெட்டி இரண்டு, மூக்குத்தி. எல்லாம் சேர்ந்து ஒரு பிடிக்குள் அடங்கிவிட்டது. இத்தனை வருஷம் வீட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் கேட்ட சத்தம் முழுக்க இந்தப் பிடிக்குள்தான் இருந்ததா என்று அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அவ்வளவுதானுங்க ஐயா, பத்திரமா வெச்சுக்கங்க. இப்ப உள்ள வேற ஒருத்தருக்கு ஓடிட்டிருக்கு. அது முடிஞ்சதும் அம்மாதான்," என்றாள் அந்தப் பெண். பாதி சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து கமலவேணியின் குரல், "ஏனுங்க, திருகாணி சின்னதுங்க, கீழ கீழ போட்றாதீங்க," என்றது. தலைக்கு ஸ்கேன் எடுக்கப் போகிற பொம்பளைக்கு இந்த நேரத்தில் திருகாணிக் கவலை. அவர் "ம்" என்றார். அதற்குமேல் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கதவு சாத்திக்கொண்டது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே டக் டக் டக் டக் என்று ஒரு சத்தம், பிறகு விர்ரென்று ஒன்று, மறுபடி டக் டக். முப்பத்துநாலு வருஷம் பம்ப்செட் கம்பெனியில் கடைசல் மெஷினோடு குடித்தனம் நடத்தியவருக்குச் சத்தம் ஒன்றும் புதிதில்லை. ஆனால் அங்கே மெஷினுக்குள் போனது இரும்பு. இங்கே வேணி போகப் போகிறாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எதிர்ச் சுவரில் ஒரு அறிவிப்பு. உள்ளே இருப்பது பெரிய காந்தம், மெஷின் ஓடாத நேரத்திலும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும், இரும்பு எதையும் கொண்டுபோகாதீர்கள் என்று போட்டு, ஒரு நாற்காலி பறந்துபோய் மெஷினில் ஒட்டிக்கொண்டிருக்கிற படமும் போட்டிருந்தார்கள். அவருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அவருடைய சட்டைப் பையிலும் ஒரு காந்தம் இருந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து பெயர்த்தது, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு, ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி. பழைய காசு சேர்க்கிறவன் காந்தமில்லாமல் வீட்டைவிட்டு இறங்கக் கூடாது. சுத்த நிக்கல் என்றால் காசு துள்ளிக்கொண்டு வந்து ஒட்டும். செம்பு கலந்ததென்றால் செத்த பல்லி மாதிரி கிடக்கும். வாயால் ஆயிரம் பொய் சொல்லலாம், காந்தத்திடம் நடக்காது. வெள்ளைக்காரன் போகிற வருஷம் அடித்த ரூபாய், ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் நடந்துபோகிற புலி, அது சுத்த நிக்கல். அவரிடம் அப்படி ஒன்று இருந்தது. கணபதிப் பக்கம் ஒரு முலாம் பட்டறையில் பழைய நிக்கல் காசுகளை எடைக்கு வாங்கிக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குவியலிலிருந்து, போன உயிரைப் பிடித்து இழுத்த மாதிரி அவர் எடுத்துவந்த புலி. யார் கையிலும் அதிகம் புழங்காத காசு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் புலியின் மீசை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். காசுக்காரர்களுக்கு அதுதான் எல்லாம். மீசை இருந்தால் ஆயிரக்கணக்கில். மீசை தேய்ந்து, வரி தேய்ந்து, புலி பூனையாகிவிட்டால் முந்நூறு, நானூறு. ஒரே தராசு, ஒரே எடை, ஒரே வருஷம். நாலு பேர் கையில் புழங்கியதற்கு அவ்வளவு தண்டனை. கழுவினாலோ தேய்த்தாலோ அதுவும் போச்சு. வேணி பூஜைப் பாத்திரம் தேய்க்கிற நாளில் அவர் ஆல்பத்தைத் தூக்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். "உங்க காசு மேல என் புளி படாதுங்க, பயப்படாதீங்க," என்று அவள் சிரிப்பாள். கைக்குட்டையைக் கொஞ்சம் பிரித்துத் தாலியைப் பார்த்தார். விளிம்பெல்லாம் வழுவழுவென்று ஆகியிருந்தது. வாங்கின நாளில் கூர்மையாகக் கோடு கோடாக வேலைப்பாடு இருந்தது. இப்போது ஒன்றையும் காணோம். நல்லாப் புழங்கினது என்று மனசு பழக்கத்தில் சொல்லிவிட்டது. உடனே, சீ, எதைப் பார்த்து என்ன சொல்கிறாய் என்று அவரே அதை அதட்டினார். கைக்குட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

தாலியைக் கழற்றச் சொல்வார்கள் என்று நேற்றே தெரியும். டாக்டர் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று சொன்னபோது அவள் வேறெதுவும் கேட்கவில்லை, "தாலியுமுங்களா?" என்று மட்டும் கேட்டாள். காலையில் குளித்துவிட்டு வந்து, விரலி மஞ்சளில் நல்லதாக ஒரு கிழங்கு பொறுக்கி, மஞ்சள் கயிற்றில் கோத்து, அவர் கையில் கொடுத்துவிட்டு, சமையலறை முக்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். தங்கம் இறங்கியிருக்கிற வரைக்கும் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது, மஞ்சள் கிழங்கு காவல் இருக்கும். அவர் பின்னால் நின்று முடிச்சுப் போட்டார். மேளம் இல்லை, அட்சதை இல்லை, அடுப்பில் பால் மட்டும் பொங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. "போன தடவ இவ்வளவு நேரம் ஆகலீங்க," என்றாள். "போன தடவ எங்கக்கா பின்னால நின்னு ரெண்டு முடிச்சப் போட்டுச்சு. நான் போட்டது ஒண்ணுதான்." "அப்பச் சரிங்க. இன்னிக்குத்தான் முழுசாக் கட்டிக்கறீங்க."   நரைத்த முடியை வாரிச் சின்னக் கொண்டையாக இறுக்கிப் போட்டிருந்தாள். மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு அவர் அப்படியே குனிந்து, அவள் கொண்டை நெஞ்சில் பட, கொஞ்ச நேரம் நின்றார். அறுபத்தெட்டு வயசுக்கு இதெல்லாம் தேவையா என்றால் தேவைதான். நிமிரும்போது சட்டை லேசாக இழுத்தது, பொத்தானில் அவள் முடி சிக்கிக்கொண்ட மாதிரி. விடுவிக்கலாம் என்று கொண்டையில் கை வைக்கப் போனார். அவள் சட்டென்று அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். "மூணு முடிச்சும் போட்டாச்சில்லீங்க? அப்பறம் கை எதுக்கு மேல போகுது?" அவர் சிரித்துவிட்டார். பாலும் பொங்கிவிட்டது.

டக் டக் டக். உள்ளே இருக்கிறவர் யாரோ, பாவம், இன்னும் முடியவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். விழுந்ததைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள், யாருடைய கையோ என்பது போல. பிறகு ஒருநாள் ரேஷன் கடையிலிருந்து வந்தபோது வலது காலில் செருப்பு இல்லை. எங்கே விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பொடிக் கல் குத்தியிருக்காதா? குத்தினது தெரியவில்லை என்றாள். அவர் போய்த் தேடி, டீக்கடை முக்கில் கிடந்த செருப்பை எடுத்துவந்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த அந்த நூறு தப்படியில்தான் முதன்முதலாகப் பயம் வந்தது. இரத்தக்கட்டு என்றால் மாத்திரையில் கரையும் என்று டாக்டர் சொன்னார். இல்லையென்றால் என்று ஆரம்பித்து, சரி முதலில் பார்ப்போம் என்று முடித்துக்கொண்டார். அந்த இல்லையென்றாலைத்தான் நாச்சிமுத்துவால் தாண்டிப் போக முடியவில்லை. இல்லையென்றால்? ஓசூரிலிருந்து மகள் மத்தியானம் வந்துவிடுவாள். இல்லையென்றால்? அவள் இல்லாத வீட்டில் முதலில் எந்தச் சத்தம் நிற்கும்? மனசே, வேறு எங்காவது போ. போயிற்று, ஆனால் போன இடம் அதைவிட மோசம். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் சாணைக்கல்லிலிருந்து தெறித்த இரும்புத்தூள் அவர் இடது கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கண் ஆஸ்பத்திரியில் அதையும் ஒரு காந்தத்தை வைத்துத்தான் வெளியே எடுத்தார்கள். பத்து நாள் இரண்டு கண்ணுக்கும் கட்டு. பத்து நாளும் அவள்தான் அவருக்குக் கண். சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பாள், இன்றைக்கு என்ன நிறச் சேலை கட்டியிருக்கிறேன் என்று சொல்வாள். கண் பிழைத்தது. கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த மறுநாள் காசுப் பெட்டியைத் திறந்தால் புலி இல்லை. வீட்டையே கவிழ்த்துப் போட்டார். கடைசியில் நடு வீட்டில் நின்றுகொண்டு, அவள் முகத்துக்கு நேரே, "கண்ணு போயிருந்தாக்கூட இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன்," என்றார். பத்து நாள் சோறு ஊட்டியவளிடம் சொல்கிற சொல்லா அது? அவள் துவரம்பருப்பு டப்பாவை எடுத்து மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து மறுபடி வைத்தாள். அந்த டப்பா அவருக்கு ஏன் இவ்வளவு தெளிவாக ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல தடவை நினைத்ததுண்டு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அவர் கண் கெடாமலிருந்தும் நமஸ்காரம் செய்யவில்லை.

அதற்கப்புறம் எத்தனை கண்காட்சி. கல்யாண மண்டபத்தில் மேஜை போட்டு, துணி விரித்து, தட்டில் காசுகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போவார். புலி கிடைக்காமல் இல்லை. எல்லாம் தேய்ந்த புலி. "அண்ணா, எடுத்துக்கங்கண்ணா, உங்களுக்காக முந்நூறு," என்று பையன்கள் கெஞ்சுவார்கள். மீசை இல்லாத புலி எனக்கெதற்கு என்று வைத்துவிடுவார். ஆல்பத்தில் அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். வேணி தூசி தட்டும்போது அந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் நிற்பாள். பிறகு புரட்டிவிடுவாள். நாச்சிமுத்து பக்கத்து நாற்காலியிலிருந்த அவளுடைய பர்ஸைத் திறந்து மூக்குத்தியைத் திருகாணியோடு தனியாக உள்ளறையில் போட்டார். அதற்குள் கிடந்த சில்லறையில் ஒரு ரூபாய்க் காசு ஒன்றை எடுத்துப் பழக்கதோஷத்தில் சட்டைப் பையருகே கொண்டுபோனார். இப்போதைய காசு, வெறும் இரும்பு, அதுவும் ஒட்டும். விரலிலிருந்து நழுவிப் போய்ச் சட்டையில் ஒட்டியது. அந்த இழுப்பு. அவர் காசைப் பிய்த்து எடுத்து மறுபடி கொண்டுபோனார். அதே இழுப்பு, லேசாக, துணியோடு. காலையில் இழுத்ததும் இப்படித்தான். பொத்தானில் முடி சிக்கினால் சுருக்கென்று இழுக்கும், இது அப்படியில்லை, மெத்தென்று ஒரு இழுப்பு. கொண்டை ஊசியாக இருக்கும். ஊசியா? ஊசி நாலையும் அவள் முக்காலியில் உட்காரும் முன்பே உருவிச் சமையலறை ஜன்னல் திட்டில் வைத்தாளே, அவர் எண்ணவில்லையா, நாலும் அங்கே கிடந்ததே. அப்படியென்றால் கொண்டைக்குள் என்ன? கையை ஏன் பிடித்து இறக்கினாள்? நேற்று ராத்திரி பூஜை அலமாரி முன்னால் மஞ்சள் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தாளே, விளக்குத் திரிக்கு என்றுதானே நினைத்தார். மஞ்சள் துணியில் திரி போடுவாளா? காசு. காசு முடிந்து தலையில் வைத்திருக்கிறாள். டக் டக் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது? சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. யாரையோ சக்கர நாற்காலியில் வைத்து வேறு வழியாகத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம். "கமலவேணி, வாங்கம்மா," என்று உள்ளே கூப்பிட்டார்கள். மெஷின் ஓடாத நேரத்திலும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். நாச்சிமுத்து எழுந்தார். கைக்குட்டை மடியிலிருந்து விழுந்தது, வளையல் உருண்டது, அவர் குனியவில்லை.

உள்ளே வரக் கூடாது என்று எழுதியிருந்த கதவை இரண்டு கையாலும் தட்டினார். "ஏம்மா, ஏம்மா, நிறுத்துங்க, ஒரு நிமிஷம், அவ தலைல காசு இருக்குதுங்க." கதவு திறந்தது. அந்தப் பெண் நின்றாள், அவளுக்குப் பின்னால் நீல அங்கியில் வேணி, அவளுக்கும் பின்னால் இன்னொரு கதவு, அது பாதி திறந்திருந்தது. "காசுங்களா?" என்றாள் பெண். "இரும்புக் காசோ நிக்கல் காசோ இருக்குதுங்க. காந்தத்துக்குப் பறந்துரும்." அந்தப் பெண் திரும்பி உள்கதவை முதலில் இழுத்துச் சாத்தினாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "ஏம்மா, அத்தன தடவ கேட்டனே?" "நகை ஊசியெல்லாம் கேட்டீங்க கண்ணு, சாமி காச யாரும் கேக்கலியே," என்றாள் வேணி. கை கொண்டைக்குப் போயிருந்தது. "வேணி, அத எடுத்துக் குடு." "தாலிக்கு மஞ்சக் கெழங்கு இருக்குதுங்க. இதுக்கு மாத்து இல்லீங்க. தலைல வெச்சதச் சாமிகிட்டச் சேர்க்கற வரைக்கும் எறக்கக் கூடாது." "எந்தச் சாமிக்கு?" "பழனிக்குத்தானுங்க." "எப்ப முடிஞ்சு வெச்ச?" அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "உங்க கண்ணுக்கு முடிஞ்சது," என்றாள். "கட்டுப் போட்டுப் படுத்திருந்தீங்கல்ல, அப்ப. உங்க பொட்டில இருந்ததுலயே பெருசாப் பாத்து எடுத்தனுங்க. சின்னக் காசு முடிஞ்சா சாமி என்ன நெனைக்கும்? கண்ணு வேறயா. நீங்க வந்து அந்தப் பாடு பட்டுத் தேடினதுக்கு அப்பறம் உண்டியல்ல போடறதுக்கும் மனசு வரல. உங்ககிட்டத் திருப்பிக் குடுத்தாச் சாமி குத்தம். பருப்பு டப்பாலயே வெச்சுட்டேன்." "இருவத்தாறு வருசமாவா?" "டப்பாதானுங்க மூணு தடவ மாறுச்சு." அவள் கொண்டையைத் தொட்டுக்கொண்டாள். "இப்பச் சாமி என்னையக் கேக்கறாரு போலிருக்குது. கையி காலெல்லாம் கேக்கறாரு. அதான் தலைலயே வெச்சுட்டு வந்தனுங்க, ஏமாத்தலைன்னு தெரியட்டும்னு." நாச்சிமுத்து கையை நீட்டினார். "குடு அம்மிணி. தரைல வெக்க மாட்டேன். நீ வர்ற வரைக்கும் என்ற கையிலயே இருக்கும். சாமியும் நீயும் வேற வேறயா பாத்துக்க வேண்டாம், நான் நடுவுல நிக்கறேன்." "அவுத்துப் பாக்க மாட்டீங்கல்ல?" நாற்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியவள் கேட்ட கேள்வி அது. "பாக்க மாட்டேன்." அவள் கொண்டையை அவிழ்த்தாள். முடி தோளில் விழுந்தது. மஞ்சள் முடிச்சை அவர் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களைத் தானே மடித்துவிட்டாள். வலது கை சரியாக மடிக்கவில்லை, இடது கையும் வந்து உதவியது. "மீசை போயிருக்குமுங்க," என்றாள் மெதுவாக. "வருசா வருசம் தைப்பூசத்துக்கு மஞ்சத் தண்ணில தேய்ச்சுக் கழுவித் தொடச்சு, புதுத் துணில முடிஞ்சு வெப்பேன். கழுவக் கூடாதும்பீங்க. தெரிஞ்சேதான் கழுவினனுங்க." "கழுவினாக் கழுவிட்டுப் போ," என்றார். அன்றைக்குச் சொன்னதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தார். "போயிட்டு வா," என்றுதான் வந்தது. அவள் தலையாட்டினாள். கதவு சாத்திக்கொண்டது. விளக்கு எரிந்தது.

கீழே கிடந்ததையெல்லாம் பொறுக்கினார். திருகாணி பர்ஸில் பத்திரமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து முடிச்சைப் பெருவிரலால் தடவினார். துணிக்கு உள்ளே விளிம்பு, அதன் நடுவில் ஓடுகிற பள்ளம், எல்லாம் கைக்குத் தெரிந்தது. அவிழ்க்கவில்லை. அவிழ்க்காமலே அவருக்குத் தெரியும், இருபத்தாறு தைப்பூசம், இருபத்தாறு கழுவல், மீசை மட்டுமா போயிருக்கும், வரியும் போயிருக்கும். கண்காட்சிப் பையன்கள் தட்டில் போட்டால் முந்நூறு. ஊரெல்லாம் சுற்றித் தேய்ந்த புலிகளை வேண்டாமென்று தள்ளிவிட்டு வந்தாரே, இது ஒரே ஒரு கையில் புழங்கித் தேய்ந்தது. கண்ணுக்கு என்று முடிந்த காசை முன்னால் வைத்துக்கொண்டு, கண் போயிருந்தாலும் பரவாயில்லை என்றவனுடைய சொல்லையும் கேட்டுக்கொண்டு, அதையும் வருஷா வருஷம் கழுவித் துடைத்து வைத்திருக்கிறாள். இடது கண்ணில் தண்ணீர் வந்தது, வலதிலும் வந்தது. தைப்பூசம் வரட்டும் என்றெல்லாம் காத்திருக்க வேண்டாம், ஸ்கேனில் என்ன வேண்டுமானாலும் வரட்டும், அவளைக் கூட்டிக்கொண்டு பழனிக்குப் போக வேண்டும், மலைப்படி ஏற முடியாவிட்டால் இழுவை ரயிலில் போக வேண்டும், அவள் கையாலேயே இதை உண்டியலில் போடச் சொல்ல வேண்டும். ஆல்பத்தில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். முருகா, புலியை நீயே வைத்துக்கொள், அவளைக் கொடுத்துவிடு. இத்தனை வருஷம் மீசை பார்த்துப் பார்த்து விலை சொன்ன மனுஷனுக்கு வேறெப்படி வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. முடிச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று தூக்கினார். பைக்குள் போகும் முன்பே அது விரலிலிருந்து நழுவி, காந்தம் இருந்த இடத்தில், நெஞ்சுக்கு நேராகச் சட்டையின் வெளிப்புறத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கையை வைத்து மூடிக்கொண்டார். உள்ளே பெரிய காந்தம் டக் டக் என்று தட்டத் தொடங்கியது. அரை மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாகக் கையை எடுத்துப் பார்த்தார். விழவில்லை.